உடல் எடை வேறு வேறாக இருக்கும்போது யார் அதிக பலசாலி என்று எப்படி முடிவு செய்வது?

கொண்டலாம்பட்டி_ஜிம்

எங்கள் ஜிம்மில் பொங்கலுக்கு ஒரு டெட்லிஃப்ட் போட்டி வைக்கிறோம், தரையில் கிடக்கிற இரும்புக் கம்பியை (பார்) பிடித்துத் தூக்கி நிமிர்வது. பெரிய அமைப்பு எதுவும் இல்லை, சேலம் கொண்டலாம்பட்டி பக்கம் ஒரு மாடி ஜிம், அவ்வளவுதான். பிரச்சினை என்னவென்றால் பரிசு ஒன்றே ஒன்று. ஒரு கோப்பை, 10,000 ரூபாய். பணம் கொடுக்கிறவர் "பிரிவு எல்லாம் வேண்டாம், இருப்பதிலேயே பலசாலி யாரோ அவருக்குக் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டார். அவருக்கு அது சுலபமாகத் தெரிகிறது, எனக்குத்தான் தலைவலி.

போன வாரம் ஒத்திகை பார்த்தபோது முன்னால் நின்ற நான்கு பேர் இவர்கள்: 58 கிலோ எடையுள்ள ஒரு தம்பி 150 கிலோ தூக்கினான். லீ பஜாரில் மூட்டை இறக்குகிற ஒருவர், 72 கிலோ, 175 தூக்கினார், அதுவும் பெல்ட் இல்லாமல். 96 கிலோ எடையுள்ள அண்ணன் ஒருவர் 215. அப்புறம் கல்லூரியில் படிக்கிற ஒரு பெண், 52 கிலோ, 115 தூக்கினாள். மற்றவர்கள் எல்லாம் இவர்களுக்குக் கீழே.

தூக்கிய எடையை உடல் எடையால் வகுத்துவிடலாம் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அப்படிப் பார்த்தால் தம்பிக்கு 2.59, மூட்டைக்காரருக்கு 2.43, 96 கிலோ அண்ணனுக்கு 2.24, அந்தப் பெண்ணுக்கு 2.21. தம்பி ஜெயிக்கிறான். ஆனால் 96 கிலோ அண்ணன் "ஒல்லியாக இருக்கிறவன் எப்போதும் இதில் ஜெயிப்பான், நான் பட்டினி கிடந்துவிட்டு வரவா" என்று கேட்கிறார். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிற மாதிரிதான் தெரிகிறது. இணையத்தில் தேடினால் வில்க்ஸ், டாட்ஸ், சின்க்ளேர் என்று என்னென்னவோ வருகிறது. எது சரி, யாராவது புரியும்படி சொல்லுங்கள்.

லீபஜார்_தராசு

இதில் குழப்பமே இல்லை தம்பி. 215 தூக்கியவர்தான் பலசாலி. ஜவ்வரிசி மூட்டை 90 கிலோ என்றால் அது எல்லோருக்கும் 90 கிலோதான், தூக்குகிறவன் ஒல்லியாக இருக்கிறான் என்று மூட்டை இளைத்துக்கொள்ளாது. தெற்கே இளவட்டக்கல் தூக்குவார்களே, அங்கே யாராவது மாப்பிள்ளையை முதலில் தராசில் நிறுத்திப் பார்த்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? பணம் கொடுக்கிறவர் கேட்டது "பலசாலி யார்" என்று, "எடைக்கு ஏற்ற பலசாலி யார்" என்று இல்லை.

அஸ்தம்பட்டி_பௌதிகம்

மேலே இருக்கிற அண்ணன் சொல்வதும் ஒரு விடைதான், ஆனால் அப்படி வைத்தால் அடுத்த வருடம் எடை குறைவாக இருக்கிற ஒருவர்கூடப் பெயர் கொடுக்க மாட்டார், 96 கிலோ அண்ணன் தனியாக வந்து தூக்கிவிட்டுக் கோப்பையை வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான்.

உடல் எடையால் வகுப்பது ஏன் சிறியவர் பக்கம் சாய்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம், அது புரிந்தால் மிச்சம் எல்லாம் புரியும். தசையின் பலம் அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. கயிறு மாதிரிதான், தடித்தால் அதிகம் தாங்கும், நீளத்தைக் கூட்டினால் அதிகம் தாங்காது. எடையோ மொத்தக் கன அளவைப் பொறுத்தது. இப்போது 160 சென்டிமீட்டர் உயரம், 60 கிலோ எடை உள்ள ஒருவர் 150 கிலோ தூக்குகிறார் என்று வையுங்கள். அதே உடல்வாகு, அதே பயிற்சி, ஆனால் எல்லாப் பக்கமும் 10 சதவீதம் பெரிய ஒருவர், அதாவது 176 சென்டிமீட்டர். அவர் தசையின் பரப்பு 1.1 × 1.1 = 1.21 மடங்கு, அதனால் அவர் சுமார் 181 கிலோ தூக்குவார். எடை 1.1 × 1.1 × 1.1 = 1.33 மடங்கு, அதாவது 80 கிலோவை ஒட்டி. வகுத்துப் பாருங்கள், சிறியவருக்கு 2.5, பெரியவருக்கு 2.27. இருவரும் ஒரே தரத்துத் தசை, ஒரே உழைப்பு, ஆனாலும் பெரியவர் மட்டமானவர் என்று கணக்கு சொல்கிறது. எறும்பு தன் எடையைப் போல் பல மடங்கு தூக்குகிறது என்று பள்ளிக்கூடத்தில் வியந்து சொல்வார்களே, அதில் எறும்பின் வீரம் பெரிதாக ஒன்றும் இல்லை, அது சின்னதாக இருப்பதுதான் காரணம். மனித அளவுக்கு அதை ஊதினால் அதன் கால்கள் அதன் உடம்பையே தாங்காது. கலிலியோ 1638-இலேயே எலும்புகளை வைத்து இதைத்தான் சொன்னார்.

ஆகவே வகுக்க வேண்டியது எடையால் இல்லை, எடையின் 2/3 அடுக்கால் (பரப்பில் நீளம் இரண்டு முறை, எடையில் மூன்று முறை பெருகுகிறது, அதனால் 2/3). இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. 1956-இல் லீட்ஸ்கி என்பவர் அன்றைய பளு தூக்கும் உலக சாதனைகளை எடுத்து மடக்கை வரைபடத்தில் போட்டுப் பார்த்தார், சாய்வு, அதாவது அந்த அடுக்கு, கிட்டத்தட்ட 2/3 என்றே வந்தது.

உங்கள் நான்கு பேருக்கும் போட்டுப் பார்த்தேன். தம்பி 10.01, மூட்டைக்காரர் 10.11, 96 கிலோ அண்ணன் 10.25, அந்தப் பெண் 8.25. வேடிக்கையைப் பாருங்கள், ஆண்கள் மூவரின் வரிசை அப்படியே தலைகீழாகிவிட்டது. மூவருக்கும் இடையில் இருக்கும் வித்தியாசமும் மிகக் கம்மி, உண்மையில் மூவரும் ஏறக்குறைய ஒரே தரம் என்றுதான் நான் படிப்பேன்.

கொண்டலாம்பட்டி_ஜிம்

சார், இது புரிந்தது, நன்றி. ஆனால் இதே கணக்கில் அந்தப் பெண் கடைசிக்குப் போய்விட்டாளே. ஜிம்மில் எல்லோரும் அசந்து போனது அவள் தூக்கியதைப் பார்த்துத்தான்.

பவர்லிஃப்ட்_சூரமங்கலம்

ஏனென்றால் 2/3 கணக்கு "உடல்வாகு ஒன்று, அளவு மட்டும் வேறு" என்று எடுத்துக்கொண்டு போடுகிற கணக்கு. பெண்களுக்கு ஒரு கிலோ உடம்பில் தசையின் பங்கு ஆண்களைவிடக் குறைவு, அது பயிற்சிக் குறையால் வருவது இல்லை. ஆண்களின் எண்ணிலேயே அவளை நிறுத்தினால் கடைசியாகத்தான் வருவாள். அதனால்தான் பவர்லிஃப்டிங்கில் (டெட்லிஃப்ட் உட்பட மூன்று லிஃப்டைக் கூட்டிப் பார்க்கும் விளையாட்டு) புழங்கும் எல்லா ஃபார்முலாவிலும் ஆணுக்கு ஒரு தொகுதி எண்கள், பெண்ணுக்கு வேறு தொகுதி.

அவற்றில் ஒன்றான டாட்ஸ் போட்டுக் காட்டுகிறேன், தூக்கிய எடையை உடல் எடைக்கு ஏற்ற ஓர் எண்ணால் பெருக்குவது. தம்பி 130.2, மூட்டைக்காரர் 129, 96 கிலோ அண்ணன் 134.8, அந்தப் பெண் 140.2. அவள்தான் முதல். ஆக எடையால் வகுத்தால் தம்பி, 2/3 போட்டால் 96 கிலோ அண்ணன், டாட்ஸ் போட்டால் கல்லூரிப் பெண், எதுவும் போடாவிட்டால் மறுபடி அண்ணன். மூட்டைக்காரர் பாவம், எதிலும் முதலாக வரவில்லை.

இதைப் பார்த்துவிட்டு "அப்படியென்றால் எல்லாமே ஏமாற்று" என்று யாரும் கிளம்ப வேண்டாம். ஒவ்வொன்றும் வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறது. வில்க்ஸ், டாட்ஸ், சின்க்ளேர் எல்லாம் இயற்பியலில் இருந்து வந்தவை இல்லை. ஒவ்வோர் எடையிலும் நல்ல வீரர்கள் நிஜத்தில் எவ்வளவு தூக்கியிருக்கிறார்கள் என்று பார்த்து, அந்தப் புள்ளிகள் வழியாக ஒரு வளைவைப் பொருத்தியிருக்கிறார்கள். உன் எடையில், உன் பாலினத்தில், மேலே இருப்பவர்களுக்கு நீ எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறாய் என்பதுதான் அவை கேட்கும் கேள்வி. போட்டிக்கு அதுதான் பொருத்தமான கேள்வி என்பது என் கருத்து. வளைவு எதற்கு என்றால், 2/3 நடு எடைகளில் நன்றாகப் பொருந்தும், மேலே போகப் போகப் பிசகும். எடை வரம்பில்லாத கடைசிப் பிரிவில் கூடும் கிலோக்களில் நிறையக் கொழுப்பு, அது பாரைத் தூக்காது.

பளு தூக்குதலில் இரண்டு பெரிய ஆட்களை வைத்தே பாருங்கள். நயீம் சுலைமானோக்லு, 1988 சியோல் ஒலிம்பிக், 60 கிலோ பிரிவு, ஸ்னாட்ச் (ஒரே இழுப்பில் தலைக்கு மேலே) 152.5, கிளீன் அண்ட் ஜெர்க் (தோளில் நிறுத்தி, பிறகு மேலே) 190, மொத்தம் 342.5. தன் எடையைப் போல் மூன்று மடங்குக்கு மேல் தலைக்கு மேலே. லாஷா தலகாட்ஸே, 2021 உலக சாம்பியன்ஷிப், 225, 267, மொத்தம் 492. லாஷாவின் எடை 175 கிலோவுக்கு மேல். எடையால் வகுத்தால் நயீம் 5.7, லாஷா 3-ஐக்கூடத் தொடவில்லை, ஏதோ வேறு விளையாட்டு மாதிரி இருக்கிறது. 2/3 போட்டாலும் நயீம் 22, லாஷா 16-க்குக் கீழே. பளு தூக்குதலுக்கான சின்க்ளேர் போட்டால்தான் ஒரே தட்டுக்கு வருகிறார்கள்: லாஷாவுக்கு ஏறக்குறைய அவர் தூக்கிய எண்ணே, நயீமுக்கு 500-ஐ ஒட்டியோ தாண்டியோ. ஒட்டியா தாண்டியா என்பது எந்த ஒலிம்பிக் சுற்றின் எண்களைப் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது, ஏனென்றால் சாதனைகள் மாற மாற நான்கு வருடத்துக்கு ஒரு முறை அந்த எண்களையும் மாற்றுவார்கள். 1988-இல் தூக்கி முடித்து இறக்கி வைத்த எடைக்கு இன்னமும் மதிப்பெண் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள், பளு தூக்குதலில் பதக்கம் கொடுப்பது சின்க்ளேரை வைத்து இல்லை. எடைப் பிரிவை வைத்துத்தான். வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கியது 77 கிலோ பிரிவில், 2018-லும் அதே பிரிவில்தான். அந்த வருடக் கடைசியில் பிரிவுகளை மாற்றினார்கள், 77 என்ற பிரிவே காணாமல் போனது. பிரிவும் மனிதன் போட்ட கோடுதான், ஆனால் அந்தக் கோட்டுக்குள் ஃபார்முலா சண்டை இல்லை.

ஏற்காடு_மிதிவண்டி

நான் ஜிம் பக்கம் போகாதவன், ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். எடையால் வகுப்பது எப்போதுமே தவறு என்கிற மாதிரி பேச்சு போகிறது, அது சரியில்லை. என்ன வேலை என்பதைப் பார்க்க வேண்டும். அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு மிதிவண்டியில் ஏறிப் பாருங்கள். 20 கொண்டை ஊசி வளைவு, சேலம் 300 மீட்டருக்குள் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டி, அத்தனை உயரத்துக்கும் நீங்கள் தூக்குவது உங்கள் சொந்த உடம்பைத்தான். அங்கே கால் கொடுக்கும் திறனை எடையால் வகுத்த எண்தான் யார் முதலில் மேலே போவார் என்று சொல்லும், 2/3 எல்லாம் அங்கே ஆறுதல் பரிசுதான். எங்கள் குழுவில் 85 கிலோ நண்பர் ஒருவர் இருக்கிறார், ஓமலூர் ரோட்டில் சமதளத்தில் அவர் பின்னால் ஒட்டிக்கொண்டு போவதே பெரும்பாடு, வளைவு ஆரம்பித்ததும் அவரைக் காணவே முடியாது, பின்னால் திரும்பிப் பார்த்தால் தவிர.

பெரிய மிதிவண்டிப் பந்தயங்களிலும் இதே கதைதான். மலையில் பறந்த பன்டானி 57 கிலோ அளவுள்ள ஆள், தனியாக நேரத்தோடு போட்டி போடும் சமதளப் பந்தயங்களில் யாரையும் கிட்ட விடாத இந்துரைன் 80 கிலோ அளவு. இருவரில் யார் வலுவானவர் என்று கேட்டால் எந்த ரோடு என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

புல்-அப் போட்டியும் அப்படித்தான். அங்கே ஒல்லியானவர் ஜெயிப்பது அநியாயம் இல்லை, வேலையே அதுதான்.

பவர்லிஃப்ட்_சூரமங்கலம்

நல்ல விஷயம் சொன்னீர்கள். டெட்லிஃப்டிலும் இது கொஞ்சம் உண்டு. ஸ்குவாட்டில் (பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது) பாரோடு சேர்த்து உடம்பும் ஏறி இறங்குகிறது, 96 கிலோ ஆள் பாரில் தெரியாத சுமை ஒன்றையும் தூக்குகிறார், அதற்கு மதிப்பெண் கிடையாது. டெட்லிஃப்டில் அது குறைவு, இடுப்புக்கு மேலே மட்டும்தான் நிமிர வேண்டும், கால்கள் கொஞ்சம்தான் நகர்கின்றன.

அஸ்தம்பட்டி_பௌதிகம்

டாட்ஸ் பற்றி ஒரு சந்தேகம். அது மூன்று லிஃப்டின் கூட்டுத்தொகைக்காகப் பொருத்திய வளைவு இல்லையா? ஸ்குவாட், பெஞ்ச் (படுத்துக்கொண்டு மார்பிலிருந்து மேலே தள்ளுவது), டெட்லிஃப்ட் மூன்றும் சேர்த்து. டெட்லிஃப்டை மட்டும் அதில் போட்டால் சாயாதா?

பவர்லிஃப்ட்_சூரமங்கலம்

சாயும். சொல்ல வந்து விட்டுப்போனது அதுதான். பெண்களுக்குப் பெஞ்சில் எடை குறைவு, அதனால் மொத்தத்தில் டெட்லிஃப்டின் பங்கு ஆண்களைவிட அதிகம். எடை குறைந்த ஆண்களுக்கும் கனமானவர்களோடு ஒப்பிட்டால் அப்படித்தான். ஆகவே டெட்லிஃப்டை மட்டும் வைத்து டாட்ஸ் போட்டால் அந்தப் பெண்ணுக்குக் கொஞ்சம், தம்பிக்குக் கொஞ்சம் சாதகம் உண்டு. இருந்தும் தம்பியைவிட 96 கிலோ அண்ணன் முன்னால் வருகிறார் என்றால் ஆண்களில் அவர்தான் என்று தயங்காமல் சொல்லலாம். அந்தப் பெண்ணுக்கும் அண்ணனுக்கும் நடுவில் இருக்கும் ஐந்து புள்ளி வித்தியாசத்தை வைத்துச் சத்தியம் பண்ண மாட்டேன்.

வில்க்ஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ரொம்ப நாள் எல்லோரும் அதைத்தான் போட்டார்கள், பவர்லிஃப்டிங்கின் உலக அமைப்பான ஐபிஎஃப் 2019-இல் அதை விட்டுவிட்டு வேறு ஒன்று கொண்டுவந்தது, 2020-இல் அதையும் மாற்றி ஜிஎல் புள்ளிகள் என்று வைத்தது. எத்தனை வருடமாகப் பெரிய ஆட்கள் உட்கார்ந்து யோசித்தும் அடிக்கடி மாற்றுகிறார்கள் என்றால், கொண்டலாம்பட்டி மாடியில் நாம் கண்டுபிடித்துவிடுவோம் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

என் யோசனை இது. முடிந்தால் பணம் கொடுக்கிறவரிடம் பேசி 10,000-ஐ ஆண்களுக்கு 5,000, பெண்களுக்கு 5,000 என்று பிரியுங்கள். இரண்டிலும் டாட்ஸ் போடுங்கள். தவறினாலும் சிறு தவறாகத்தான் இருக்கும். எந்த ஃபார்முலா என்பதைப் பெயர் கொடுக்கும்போதே சுவரில் ஒட்டிவிடுங்கள், எடைக்கு எதிரே பெருக்கும் எண்ணை அட்டவணையாக. யார் ஜெயிப்பார் என்று தெரிந்த பிறகு ஃபார்முலா தேர்ந்தெடுத்தால் அது எவ்வளவு நல்ல ஃபார்முலாவாக இருந்தாலும் சண்டைதான். ஒத்திகை எண்கள் ஏற்கெனவே ஊருக்கே தெரியும், அதனால் இப்போதே கொஞ்சம் தாமதம்.

லீபஜார்_தராசு

எல்லாம் சரி, எங்கள் ஆள் எதிலும் முதல் இல்லையா? காலையில் லாரி இறக்கிவிட்டு வந்து 175 தூக்கியவர் அவர். அதற்கு எந்தக் கணக்கில் இடம் இருக்கிறது?

பவர்லிஃப்ட்_சூரமங்கலம்

அண்ணா, அதற்குக் கணக்கில் இடம் இல்லை, அன்று ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். கிண்டல் இல்லை. தம்பியைவிட டாட்ஸில் ஒரு புள்ளிதான் பின்னால் இருக்கிறார், நன்றாகத் தூங்கி எழுந்து வந்தால் 190 போவார். 190 என்றால் 140 புள்ளி, ஆண்களில் எல்லோரையும் தாண்டிவிடுவார். வயது 40-க்கு மேல் என்றால் அதற்கும் தனியாகப் பெருக்கும் எண்கள் உண்டு, ஆனால் இந்த அளவுப் போட்டியில் அதையும் உள்ளே விட்டால் நடத்துகிறவருக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

கொண்டலாம்பட்டி_ஜிம்

பணம் கொடுக்கிறவரிடம் பேசிவிட்டேன், முதலில் முணுமுணுத்தார், அப்புறம் தானே இன்னொரு 5,000 போடுகிறேன் என்று சொல்லிவிட்டார். ஆண்களுக்கு 10,000, பெண்களுக்கு 5,000. பெண்களுக்கு ஏன் பாதி என்று அந்தப் பெண் கேட்டாள், அதற்கு என்னிடம் பதில் இல்லை, இன்னொரு முறை அவரிடம் போக வேண்டும். டாட்ஸ் அட்டவணை இன்று அச்சடித்து ஒட்டுகிறேன்.

கடைசியாக ஒன்று. எடை எப்போது பார்ப்பது? தம்பி இப்போதே தண்ணீர் குடிப்பதைக் குறைக்கலாமா என்று கேட்கிறான். 56 கிலோவுக்கு இறங்கினால் எவ்வளவு கூடும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு திரிகிறான்.

பவர்லிஃப்ட்_சூரமங்கலம்

முதலில் அவனைத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். எடையால் வகுக்கிற கணக்கில் இந்த ஆசை ரொம்ப அதிகம், டாட்ஸில் அதைவிடக் குறைவு, ஆனால் ஆசை ஆசைதான். உடம்பில் தண்ணீர் இல்லாமல் பாரைப் பிடித்தால் 150-க்குப் பதில் 140 வரும், கண் இருட்டிக்கொண்டு வரும், இரண்டு கிலோ குறைத்து வாங்கியது எல்லாம் அங்கேயே போய்விடும். ஐபிஎஃப் போட்டிகளில் தொடங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால்தான் எடை பார்ப்பார்கள், முந்தின நாள் பார்த்தால் எல்லோரும் வற்றிப் போய் வந்து நின்றுவிட்டு ராத்திரி ஊதிக்கொள்வார்கள் என்பதுதான் காரணம். நீங்கள் இன்னும் நெருக்கி, ஒரு மணி நேரம் முன்னால் வையுங்கள். செருப்பு, பெல்ட் இல்லாமல்.

ஜிம்மில் இருக்கிற குளியலறைத் தராசை நம்பாதீர்கள், தரை கொஞ்சம் சரிந்தாலே ஒரு கிலோ மாறும்.

லீபஜார்_தராசு

தராசு நான் தருகிறேன். மண்டியில் மூட்டை போடுகிற பிளாட்பாரத் தராசு, இந்த வருடம் அரசு முத்திரை குத்தியது. ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆட்டோவில் போட்டு அனுப்பிவிடலாம். உங்கள் பிளேட்டுகளையும் அதில் ஒரு தடவை வைத்துப் பாருங்கள், 20 என்று எழுதியிருப்பது எல்லாம் 20 இருக்காது.